ஐந்து புள்ளிக்கு ஓர் இலக்கணம்

மார்கழிக் கோலங்களைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் ஒன்று, புதுவை பாகூர் கொம்யூனில் உள்ள பனித்திட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பியது. படம் வரைந்து தருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று கேட்டிருக்கிறார். வந்த படம் பார்வைக்குப் பளிச்சென்று இருந்ததாம். விரலை வைத்து இழையோடு போய்ப் பார்த்தால் ஓரிடத்தில் இழை அறுந்து நிற்கிறது. ஒரு புள்ளி இழையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. "எங்க ஆயா பேசிக்கிட்டே போடுற கோலம், இதுக்கு ஏன் வரல?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கான விடையில் பெரும்பகுதி, இப்படிப்பட்ட செயலிகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே தாம்பரத்தில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்களில் முதன்மையானவர் ராணி சிரோமணி. அங்கே உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இந்தியாவில் கோட்பாட்டுக் கணினியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1929-இல் பிறந்து 2019 செப்டம்பரில் மறைந்தார். அவர் பெயரைக் கேள்விப்படாமலே நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் கணினியியல் பட்டம் வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் நோம் சாம்ஸ்கி, ஒரு மொழியின் வாக்கியங்களை எல்லாம் சில மாற்று விதிகளால் உருவாக்கிவிடலாம் என்று காட்டினார். அந்தக் கணிதம் மொழியியலைவிடக் கணினியியலுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. ராணி சிரோமணி அந்தத் துறையில் ஆய்வு செய்து 1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். கல்வெட்டு, சிந்து எழுத்து, பறவைகள் என்று பல பக்கமும் ஆர்வம் விரிந்தவர். இவர்கள் இருவரும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1972 முதல் 1974 வரை வெளியிட்ட கட்டுரைகள்தான் நாம் பார்க்கப்போகிற விஷயம். கடைசிக் கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இது. வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவது. நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் வலப்பக்கம் இருப்பவை நகர்ந்து இடம் கொடுக்கும், எதுவும் கெடாது. கட்டம் கட்டமாக அமைந்த படத்தில் அப்படிச் செய்ய முடியாது. மூன்றாவது வரிசையில் ஒரு கட்டத்தைச் செருகினால் அந்த வரிசை மட்டும் நீண்டு, மேலே கீழே இருந்த பொருத்தம் எல்லாம் குலைந்துபோகும். படத்துக்கு இலக்கணம் எழுத வந்த எல்லோரையும் மறித்த இடம் இதுதான்.

இதற்குத் தாம்பரத்தில் கண்ட வழி, பனித்திட்டுக்கு மேற்கே பாகூர் ஏரிப் பாசன வயலில் நடவு பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். நடவு ஆட்கள் முதலில் வயலின் ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். யார் பக்கத்தில் யார் என்பது அப்போதே முடிவாகிவிடும். அதன்பிறகு ஒவ்வொருவரும் தன் நேருக்கு நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில். சிரோமணி இலக்கணமும் அப்படியே. முதல் கட்டத்தில் கிடைமட்டமாக ஒரு வரிசை எழுத்துகளை உருவாக்கும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் தன் நெடுவரிசையைக் கீழ்நோக்கி வளர்க்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கட்டமாக. ஒருவர் மட்டும் முந்த முடியாது, ஒருவர் மட்டும் தங்க முடியாது. ஒருவர் வரப்பேறினால் எல்லோரும் அதே நொடியில் ஏறியாக வேண்டும். அதனால்தான் நீள்சதுரம் கடைசிவரை குலையாமல் நிற்கிறது.

இந்த நடவை இன்னும் சற்றுத் தூரம் கொண்டுபோகலாம். ஒவ்வொருவர் கையிலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வகை நாற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுகிறவருக்குத் தான் கடைசியாக எந்த நாற்றை நட்டோம் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். அதை வைத்தே அடுத்ததை எடுப்பார். அத்தனை குறைந்த நினைவாற்றல்தான் நெடுவரிசை விதிகளுக்கு உண்டு. முதல் வரிசையை நிறுத்துகிற மேஸ்திரிக்கு மட்டும் எவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை வேண்டுமானாலும் கொடுக்கலாம்: இடமும் வலமும் ஒத்திருக்கும்படி ஆட்களை நிறுத்தலாம், மூன்றுக்கு ஒருவரை மாற்றி நிறுத்தலாம். மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரரோ அதற்கேற்ப வயலில் விளையும் படங்களும் மாறும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் படிப்படியாக அளந்து, எந்த அளவுக்கு எந்தப் படங்கள் கிடைக்கும், எவை கிடைக்கவே கிடைக்காது என்று நிறுவியதுதான் அந்தக் கட்டுரைகளின் சாரம். கிடைக்காது என்று நிறுவுவது கிடைக்கும் என்று காட்டுவதைவிடக் கடினமான வேலை.

புள்ளிகளை வரிசைப்படுத்தவும் கட்டங்களை நிரப்பவும் இது போதும். ஒரே இழையாக ஓடுகிற கம்பிக் கோலத்துக்கு, அதாவது சிக்குக் கோலத்துக்கு, வேறு வகை விதி தேவைப்பட்டது. கோலம் போடும் பெண்கள் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்துத்தான் சிரோமணிகள் அதைப் பிடித்தார்கள். பெண்கள் நினைவில் இருந்தது கை போகிற வழி. நேராகப் போவது ஒன்று, வலப்பக்கம் மூன்று அளவில் வளைவது, இடப்பக்கம் மூன்று அளவில் வளைவது: இந்த ஏழு அசைவுகளின் வரிசையாகக் கம்பிக் கோலத்தை எழுதிவிடலாம்.

அதன் எளிய வடிவம் ஒன்றை இங்கே முழுதாகச் செய்து பார்ப்போம். இந்தத் துறையின் ஆங்கிலக் கட்டுரைகளில் கிருஷ்ணனின் காற்சிலம்பு என்ற பெயரில் வருகிற கோலம் இது. 'ந' என்றால் ஓர் அடி நேராகப் போ. 'தி' என்றால் வலப்பக்கம் கால் வட்டம் திரும்பு. 'அ' என்பது வெறும் இடம். அங்கே நிறுத்திவிட்டால் ஒன்றும் வரையத் தேவையில்லை, வளர்த்தால் கோலம் வளரும். தொடக்கம்: அ தி அ. விதி ஒன்றே ஒன்று: எங்கெல்லாம் 'அ' இருக்கிறதோ அங்கெல்லாம் 'அ ந அ தி அ ந அ' என்று ஒரே நேரத்தில் மாற்று. எல்லா எழுத்தையும் ஒருசேர மாற்றும் இந்த முறையை 1968-இல் செடிகளின் வளர்ச்சியை விளக்குவதற்காக அரிஸ்டிட் லிண்டன்மேயர் கொண்டுவந்தார்.

ஒருமுறை மாற்றி, 'அ'க்களை அழித்துவிட்டுப் படித்தால்: ந தி ந தி ந தி ந. நான்கு அடி, ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு சதுரம். சதுரத்தை 45 பாகை சாய்த்து, முனைகளை மழுக்கி வளைத்தால் ஒரு புள்ளிச் சுழி.

இன்னொரு முறை மாற்றினால் கோலத்தின் முதல் பாதி இப்படி வரும்: ந தி ந ந ந தி ந தி ந தி ந ந ந தி ந. பிறகு ஒரு 'தி', மறுபடியும் அதே பாதி. மொத்தம் 20 அடி. சதுரக் கட்டத் தாளில் பென்சிலால் வரைந்து, தாளை 45 பாகை சாய்த்துப் பாருங்கள். மேலே ஒன்று, நடுவில் மூன்று, கீழே ஒன்று என்று வைக்கிற ஐந்து புள்ளிக் கோலமேதான். வெளிப்புள்ளி நான்குக்கும் ஒவ்வொரு சுழி, நான்கு இடத்தில் இழை தன்னையே வெட்டிப் போய் நடுப்புள்ளியை அடைத்துக்கொள்கிறது.

மூன்றாம் முறை 84 அடி, 21 புள்ளி. வரிசைக்கு 1, 3, 3, 7, 3, 3, 1. நடுவில் ஒரு புள்ளி, அதன் நான்கு பக்கமும் ஐந்து புள்ளிக் கோலம் ஒவ்வொன்று. அடுத்தது 85 புள்ளி. எத்தனை முறை வளர்த்தாலும் இழை ஒன்றுதான். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்.

ஏன் அறுவதில்லை? எனக்கு இந்த விஷயத்தில் தீராத வியப்புத் தருகிற இடம் இது. நடுப்புள்ளியைச் சுற்றும் சதுரத்தின் வழியே இடம்புறமாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை வருகிறது. அங்கே இடப்பக்கம் ஒருமுறை திரும்ப வேண்டும். அதைச் செய்யாமல் நேரே போய், முந்தைய படிக் கோலம் முழுவதையும் வலம்வந்து வரைந்துவிட்டு அதே முனைக்குத் திரும்புங்கள். ஒரு புள்ளிச் சுழியானால் மூன்று முறை வலப்பக்கம் திரும்பியிருப்பீர்கள். வலப்பக்கம் மூன்று முறை திரும்புவதும் இடப்பக்கம் ஒருமுறை திரும்புவதும் திசையில் ஒன்றே. ஐந்து புள்ளிக் கோலமானால் பதினொரு முறை. அதில் எட்டு, இரண்டு முழுச் சுற்றாகக் கழிந்துவிடும், மிச்சம் மறுபடியும் மூன்று. ஆக, புறப்பட்ட முனையிலேயே, திரும்பியிருக்க வேண்டிய திசையைப் பார்த்தபடியே வந்து நிற்கிறீர்கள். நடுச் சதுரத்தின் மீதி வழிக்கு இந்தச் சுற்றுப்பயணம் நடந்ததே தெரியாது. ஒவ்வொரு முனையிலும் இதே கதை, ஒவ்வொரு படியிலும் இதே கதை. 21 புள்ளிக் கோலத்தை ஆயாக்கள் பேச்சுக் கொடுத்தபடியே போட முடிகிறதென்றால், கை ஒரு முனையில் எங்கே கிளம்பியது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பதால்தான்.

செயலிக்கு வருவோம். அது ஆயிரமாயிரம் கோலப் படங்களைப் பார்த்து, எந்தப் படப்புள்ளிக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வாய்ப்பு அதிகம் என்று பழகியிருக்கிறது. சிறு பகுதியாகப் பார்த்தால் அதன் வளைவு ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். இழை மூட வேண்டும் என்பது முழுக் கோலத்துக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட நிபந்தனை. அருகருகே பார்த்துப் பழகியதில் அது அகப்படுவது அரிது. அதே செயலியிடம் மேலே சொன்ன விதியைக் கொடுத்து, நிரலாக எழுதி வரையச் சொன்னால் இழை அறாமல் வருவதற்கு வாய்ப்பு அதிகம். எல்லாம் தெரிந்த இயந்திரம் என்று இதை விற்கிறவர்களின் பேச்சை இந்த ஐந்து புள்ளியில் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

மறுபக்கப் பேச்சையும் நான் நம்பச் சொல்ல மாட்டேன். கோலத்தில் நம் முன்னோர் கணினியியலையே ஒளித்து வைத்தார்கள் என்று ஒவ்வொரு மார்கழியிலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ராணி சிரோமணி எங்கேயும் அப்படிச் சொன்னதாக நான் படித்ததில்லை. அவர் செய்தது அதைவிட மதிப்பான காரியம்: வாசலில் தினமும் அழிந்துபோகிற ஒரு கைவேலையை, உலகத் தரத்துக் கணிதக் கட்டுரையில் சோதனைப் பொருளாக வைக்கத் தகுந்தது என்று கண்டார். அவர் இலக்கணங்கள் பின்னர் தகவலை மறைத்து அனுப்பும் சங்கேத முறைகளுக்கும், டி.என்.ஏ. கணிப்புக்கும் போயின. அவரிடம் படித்தவர்கள் படமொழிகள் என்ற துறையைத் தொடர்ந்து வளர்த்தார்கள். 1988-இல் கிஃப்ட் மறைந்தபின் வந்த நினைவுக் கட்டுரைத் தொகுப்பை, இந்தியாவின் தொடக்க காலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் பதிப்பித்தார், கம்பிக் கோலத்தைப் பற்றிய கட்டுரையும் அதில் உண்டு.

கோலம் நமக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் வேண்டாம். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி குத்தி, அவற்றைச் சுற்றி ஒரே இழை ஓட்டுவார்கள். அங்கே வரைகிறவர்கள் ஆண்கள். அதை ஆராய்ந்தவர் மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித அறிஞர் பவுலஸ் கெர்டெஸ். தமிழ்நாட்டுக் கோலத்தையும் சேர்த்தே பார்த்தார். அந்த வகை ஆராய்ச்சியில் வந்த ஒரு கணக்கு பனித்திட்டு வாசகிக்கு உடனே உதவும். நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றின் நடுவிலும் இழை குறுக்கே வெட்டிப் போகும்படி சாதாரணப் பின்னலாகப் போட்டால், எத்தனை இழை வரும் என்பதை வரையாமலே சொல்லிவிடலாம்: நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி. 3-க்கு 4 வைத்தால் ஒரே இழை. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 5-க்கு 5 என்று சதுரமாக வைத்தால் ஐந்து தனி இழைகள். எங்காவது வெட்டாமல் வளைத்து இரண்டை இணைத்தால் ஒழிய ஒன்றாகாது. 5-க்கு 7 வைத்துத் தொடங்கினால் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒரே இழையில் முடியும்.