சலரோகமும் கால் நரம்புகளும்: நோகாத காயத்தைக் கவனியுங்கள்

ஊர் திரும்பியதும் பற்றை வெட்டுதல், இடிந்த சுவரின் கற்களை அகற்றுதல், கிணறு இறைத்தல் என வளவில் வேலை நிறைந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் சலரோகம் (நீரிழிவு) உள்ளவர் இருந்தால், இந்த நாட்களில் அவருடைய கால்களைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஏன் கால்கள்?

இரத்தத்தில் சீனி நீண்ட காலம் கூடியிருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்களும் பழுதடைகின்றன. பாதம் வரை செல்லும் நரம்புகளே மிக நீளமானவை. பெரும்பாலும் அவையே முதலில் பாதிக்கப்படும். தொடக்கத்தில் கால்விரல்களில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, இரவில் எரிவு ஏற்படலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பின்னர் உணர்வு குறைந்து, முள் குத்தினாலும் ஆணி ஏறினாலும் நோகாது. நோகாத காயத்தை யாரும் கவனிப்பதில்லை. அது புண்ணாகி, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை வரலாம்.

சீனியைக் கட்டுப்படுத்துவதன் பயன்

சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் நரம்புப் பாதிப்பு வரும் வாய்ப்பும், வந்தது கூடும் வேகமும் குறையும். இழந்த உணர்வு முழுமையாகத் திரும்புவது அரிது. அதனால் தாமதிக்க வேண்டாம். பலருக்கு வெறுவயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 80 முதல் 130 மில்லிகிராம் வரை சீனி இருப்பது நல்லது. உங்களுக்குரிய அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

• அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் பழைய மருந்து உறையைக் கொண்டுசெல்லுங்கள்.
• மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போகவும் வேண்டாம். சீனி திடீரெனக் குறையலாம்.
• நிவாரணத்தில் கிடைக்கும் சோறு, கோதுமை மா உணவை அளவாக உண்டு, பருப்பும் கீரையும் சேருங்கள். தேநீருக்குச் சீனி வேண்டாம்.
• வளவில் மூடிய சப்பாத்து அணியுங்கள். அணியுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.
• கோயில் வீதியில் வெறுங்காலுடன் நடப்பதானால் வெயில் தணிந்த பின் செல்லுங்கள். சுடுமணலும் கொப்புளம் போடும்.
• தினமும் மாலையில் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.
• எரிவுக்காகக் கால்களைச் சுடுநீரில் வைக்கவோ, ஆணிக்கூட்டைப் பிளேட்டால் வெட்டவோ வேண்டாம்.

காயம், கொப்புளம், வீக்கம், நிறமாற்றம் எதைக் கண்டாலும், நோகாவிட்டாலும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.