செஞ்சியும் தேவனாம்பட்டினமும்

செஞ்சிக்கு வடக்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் சிங்கவரம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த கோயிலில் அரங்கநாதர் பாம்பணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். பாற்கடலில் துயில்வதாகப் புராணங்கள் கூறும் பெருமானை, அலையோசை எட்டாத பாறை நாட்டில் நம் முன்னோர் வடித்து வைத்தனர். படிகளேறி நின்று நோக்கினால் வயல்களும் ஏரிகளும் கற்குன்றுகளுமே கண்ணிற்படும், கடல் தெரியாது. ஆயினும் இக்கற்குன்றுகளின் வரலாறு கடலோடு நெருங்கிப் பிணைந்தது. செஞ்சி மலைக்கோட்டையில் இருந்தவர்கள் எடுத்த ஒரு முடிவு, தொலைவிலிருந்த ஒரு கடற்கரைச் சிற்றூரின் தலைவிதியை மாற்றியது. அச்சிற்றூரின் பெயர் தேவனாம்பட்டினம். அதன் நில அமைப்பையும் வரலாற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

செஞ்சியிலிருந்து தென்கிழக்கே நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் கடலூர் இருக்கிறது. அந்நகரை ஒட்டி, கெடிலம் ஆறு வங்கக் கடலை அடையும் பகுதியில் அமைந்தது தேவனாம்பட்டினம். திருவதிகையையும் திருப்பாதிரிப்புலியூரையும் தழுவி வரும் கெடிலம், இங்கே வேகம் தளர்ந்து, கழிமுகமாகப் பரந்து கடலிற் கலக்கிறது. வடக்கே சிறிது தொலைவில் தென்பெண்ணையும் கடலை அடைகிறது. ஆறுகள் கொணரும் வண்டலும் கடல் ஒதுக்கும் மணலும் சேர்ந்து உருவாக்கிய தாழ்ந்த நிலம் இது. மலையில்லை, பாறையில்லை, கப்பல் ஒதுங்குதற்கேற்ற ஆழ்ந்த குடாவுமில்லை.

துறைமுகத்துக்குரிய இயற்கை வசதி இல்லாத இவ்வூரைக் கப்பலோட்டிய நாட்டினர் ஏன் நாடினர் என்று நீங்கள் வினவலாம். சோழமண்டலக் கரை முழுவதும் பெரும்பாலும் இத்தகையதே. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்நீரில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே கொந்தளிக்கும் அலைகளைக் கடந்து சரக்கை ஏற்றியிறக்கச் சலங்கு எனவும் மசூலா எனவும் வழங்கிய படகுகள் உதவின. அவற்றின் பலகைகளை இரும்பாணி கொண்டு அறைவதில்லை. கயிற்றால் தைத்து இணைப்பர். அலை மோதும்போது ஆணியறைந்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்து மீளும். மேலை நாட்டுக் கம்பெனிகளின் வாணிகம் அனைத்தும் நம் கரையோர மக்களின் இந்தக் கைத்திறனையே நம்பி நின்றது.

அவர்கள் தேடி வந்த சரக்கு துணி. உள்நாட்டில் நெசவாளர் ஊர்கள் பல இருந்தன. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்த சாயவேர், துணிக்கு நிலைத்த செந்நிறம் ஊட்டியது. இத்துணிகளுக்குக் கிழக்கே ஜாவா, சுமத்திராத் தீவுகளிலும் மேற்கே ஐரோப்பாவிலும் பெருமதிப்பு இருந்தது. ஆறு வழிகாட்ட, உள்நாட்டுத் துணி கரைக்கு வந்து சேரும் இடமாகத் தேவனாம்பட்டினம் விளங்கியது.

அக்காலத்தில் இக்கரை செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் செஞ்சி நாயக்கரிடம் இசைவு பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்ற முயன்றனர். முன்னரே இக்கடலில் செல்வாக்குப் பெற்றிருந்த போர்ச்சுக்கீசியர் அதனை எதிர்த்தனர். கடல் கடந்து வந்த வணிகர் மலைக்கோட்டை வாயிலில் நின்று இசைவு வேண்டிய காலம் அது. எண்பது ஆண்டுகளுக்குள் அந்நிலை தலைகீழாயிற்று.

செஞ்சி 1649இல் பீஜப்பூர்ச் சுல்தானின் படைக்கு வசமாயிற்று. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். சிவாஜிக்குப்பின் அரசேற்ற சம்பாஜியை 1689இல் முகலாயர் சிறைப்பிடித்துக் கொன்றனர். அவருடைய தம்பி இராஜாராம் மகாராட்டிரத்திலிருந்து தப்பித் தெற்கே வந்து, அதே ஆண்டில் செஞ்சியை அடைந்தார். மராட்டிய அரசின் தலைமை அன்று இராஜகிரிக் கோட்டையின் மதில்களுக்குள் அடங்கியிருந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் பெரும்படையுடன் வந்து முற்றுகையிட்டார். நீண்ட போருக்கு வீரமும் மதிலும் மட்டும் போதா; பணம் வேண்டும். நாட்டின் விளைநிலங்கள் போரில் பாழாயின. பணம் படைத்தவர்கள் கடற்கரையில் இருந்த ஐரோப்பிய வணிகரே.

எனவே 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த நிலமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலைக்குத் தரப்பட்டன. சென்னையில் அப்போது கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரையே தாங்கியுள்ளது. கோட்டைக்கு வேல்ஸ் நாட்டின் காவற்புனிதராகிய டேவிட்டின் பெயரை இட்டுச் செயின்ட் டேவிட் கோட்டை என்றனர்.

விற்ற நிலத்தின் எல்லையை வகுத்த முறை விந்தையானது. நிலத்தை அளக்கக் கோலோ கயிறோ கொண்டுவரவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எத்துணைத் தொலைவு சென்று விழுமோ, அத்துணைத் தொலைவுக்குட்பட்ட நிலம் கம்பெனிக்கு உரியது என்பது ஒப்பந்தம். 1690 செப்டம்பரில் பீரங்கி முழங்கியது. குண்டுகள் விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. பழைய கடலூரும் அவ்வெல்லைக்குள் அடங்கியது. அவ்வூர்களைக் குண்டுக் கிராமங்கள் என்று வழங்கினர். கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியின் பெயரில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது.

காலையில் வலை எடுத்துச் சென்ற பரதவரும், தறியில் அமர்ந்த நெசவாளரும், நாற்று நட்ட உழவரும் மாலைக்குள் வேறோர் ஆட்சியின் குடிகளாயினர். அவர்களை எவரும் கேட்கவில்லை. விற்றவர் மலைமேல் இருந்தார். வாங்கியவர் கடல் கடந்து வந்தவர். விலைபோனது இடையிலிருந்த மக்களின் ஊர்.

குண்டு செல்லும் தொலைவே ஆளும் தொலைவு என்னும் எண்ணம் அக்கால உலகில் பரவலாக இருந்தது. ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலுள்ள பீரங்கியின் வீச்சளவே என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்துச் சட்ட அறிஞர் பிங்கர்ஷூக் எழுதினார். பிற்காலத்தில் பல நாடுகள் அவ்வெல்லையை மூன்று கடல்மைல் எனக் கொண்டன. இன்று இந்தியாவின் ஆட்சிக் கடல் பன்னிரண்டு கடல்மைல் பரப்புடையது. அதனை வகுப்பது பீரங்கியன்று. நாடுகள் ஒப்புக்கொண்ட சட்டம்.

தேவனாம்பட்டினத்தை விற்றதால் செஞ்சி காப்பாற்றப்பட்டதா? இல்லை. முற்றுகை எட்டாண்டு நீடித்தது. இராஜாராம் தப்பிச் சென்றபின், 1698இல் கோட்டை முகலாயர் வசமாயிற்று. ஆனால் விற்ற நிலம் வாங்கியவரிடமே நின்றுவிட்டது. செலவுக்கென விற்ற பணம் சில காலத்தில் தீர்ந்துபோகும். விற்ற நிலத்தின் விளைவு தலைமுறைகளுக்குத் தொடரும்.

அவ்விளைவு அரை நூற்றாண்டில் வெளிப்பட்டது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அப்போது ஆங்கிலேயருக்குப் புகலிடமானது தேவனாம்பட்டினத்துக் கோட்டையே. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ் இங்கேதான் வந்து சேர்ந்தார். டூப்ளே பன்முறை முயன்றும் இக்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இங்கு வந்து கம்பெனிப் படைகளைப் பயிற்றினார். 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இச்சிற்றூரே. 1756இல் இக்கோட்டையின் ஆளுநரான கிளைவ், அடுத்த ஆண்டில் வங்காளத்தில் பிளாசிப் போரை வென்றார். பீரங்கிக் குண்டு அளந்து தந்த சிறு நிலம் ஒரு பேரரசுக்கு ஊன்றுகோலாயிற்று.

இதற்கிடையில் 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைக் கைப்பற்றினார். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஓரிரவில் வீழ்ந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் பிடித்து அதன் அரண்களை இடித்துத் தள்ளினார். 1761இல் செஞ்சி ஆங்கிலேயரிடம் வந்தது. தேவனாம்பட்டினமும் கடலூரும் பின்னும் கைமாறி, 1785இல் ஆங்கிலேயரிடமே நிலைத்தன. இரண்டு கோட்டைகளும் தம் வேலை முடிந்து ஓய்ந்தன.

பின்னர் இரண்டு ஊர்களும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கின. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடற்கரை கடலூர் மாவட்டத்தையும், செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தையும் சேர்ந்தன. 2025இல் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் படையரண்களுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு அப்பேறு இல்லை; கெடிலக் கரையில் சிதைந்த கட்டடப் பகுதிகளே எஞ்சியுள்ளன.

இதற்கும் நில அமைப்பே பெரிதும் காரணம். செஞ்சியின் அரண் பாதி மனிதன் கட்டியது. பாதி இயற்கை அடுக்கிய கருங்கல். இடித்தாலும் மலை நிற்கும். தேவனாம்பட்டினத்தின் அரண் மணல்மேல் எழுந்தது. இடித்தபின் தாங்கி நிற்க மலை ஒன்றும் அங்கில்லை. ஆற்று வெள்ளமும் புயலும் அந்நிலத்தை ஓயாது மாற்றுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மீனவர் ஊரைக் கடுமையாகத் தாக்கி உயிர்களைப் பறித்தது. 2011 டிசம்பரில் தானே புயல் இக்கரையைத் தாக்கியது. அத்தனைக்கும் பிறகு மீனவர் மீண்டும் கடலுக்குச் சென்றனர். அரசர்களும் கம்பெனிகளும் மறைந்தபின்னும் அவ்வூரில் மாறாது நிற்பது அவர்களுடைய தொழிலே. இன்று அவ்வூரில் பெரியார் கலைக் கல்லூரி நடைபெறுகிறது. ஒருகாலத்தில் கம்பெனிச் சிப்பாய்கள் பயிற்சி பெற்ற ஊரில் இப்போது நம் மாணவர்கள் பாடம் பயில்கின்றனர்.

மாணவர்களே! வரலாற்று நூல்களில் செஞ்சி பெரும்பெயர். தேவனாம்பட்டினம் ஒருவரிச் செய்தி. எனினும் பெருங்கோட்டையின் முடிவுகளுக்கு விலை கொடுத்தது அந்தச் சிற்றூர். உங்கள் ஊரின் ஆறு எங்கே கடலிற் கலக்கிறது, அதன் கரையில் எவர் வாழ்ந்தனர், அந்நிலம் எவ்வாறு கைமாறியது என்று கேட்டுப் பாருங்கள். நில நூலும் வரலாறும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை ஊர்ப்பெயர்களே உங்களுக்கு உணர்த்தும்.