தீர்ப்புக்குப் பின்னர் பணம் எவ்வாறு கிடைக்கும்?



நீதிமன்றங்களின் படிமுறை அமைப்பை எழுதச் சொன்னால் நீங்கள் தவறின்றி எழுதிவிடுவீர்கள். ஆனால் "தீர்ப்பில் வென்றவர் தமது பணத்தை எவ்வாறு பெறுவார்?" எனக் கேட்டால் பலர் "நீதிமன்றம் பெற்றுக்கொடுக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். இது முழுமையான விடையன்று. தீர்ப்பு உரிமையை உறுதிப்படுத்துகின்றது. பணத்தைப் பெறுவதற்கு வென்றவர் மேலும் சில படிகளைக் கடக்க வேண்டும்.

உதாரணம்

எழுவைதீவு மீனவர் ஒருவர் ஊர்காவற்றுறைக் கடைக்காரர் ஒருவரிடம் 80,000 ரூபாவுக்கு வலையும் கயிறும் கடனாக வாங்கினார் எனக் கொள்வோம். தொழில் சரிவராததால் அவரால் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இத்தகைய சிறு தொகைப் பிணக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லும். அங்கு இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழுடன் வழக்குத் தொடரலாம். சிறு தொகைக் கோரிக்கைகளை விரைவாகத் தீர்ப்பதற்கெனச் சிறு கோரிக்கைகள் நீதிமன்றங்கள் பற்றிய சட்டமும் 2022இல் நிறைவேற்றப்பட்டது.

கடைக்காரருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. இனி என்ன நடக்கும்? குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் பொதுவான விதிகளைப் பார்ப்போம்.

1. மேன்முறையீடு

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாயின், தோற்றவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலையும் 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவையும் சமர்ப்பிக்க வேண்டும். அறிவித்தலுக்குரிய 14 நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளும் பொது விடுமுறைகளும் சேரா.

2. தாமாகச் செலுத்துதல்

பெரும்பாலானோர் விரும்பும் வழி இதுவே. ஒரே தடவையில் செலுத்த முடியாதவர் தவணை முறையில் செலுத்துவதற்கு நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆகவே வசதியற்றவர் வழக்குத் தினத்தில் சமுகமளித்துத் தமது வருமான நிலையை எடுத்துக் கூறுவது நல்லது. படகேறி ஊர்காவற்றுறைக்குப் போனால் அன்றைய தொழில் போய்விடும் என்று வீட்டில் இருந்துவிட்டால், அவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கே எவரும் இரார்.

3. நிறைவேற்று எழுத்தாணை

பணம் செலுத்தப்படாவிட்டால் வென்றவர் மீண்டும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து எழுத்தாணை பெறவேண்டும். நீதிமன்றம் தானாக வந்து பணம் அறவிடாது. எழுத்தாணை கிடைத்ததும் பிஸ்கால் அதிகாரி கடனாளியின் ஆதனத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்பார். என்ன சொத்து இருக்கின்றது எனத் தெரியாவிட்டால், கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து விசாரிக்குமாறு கேட்கலாம். தீர்ப்பாணைத் திகதியிலிருந்து 10 வருடங்கள் கடந்த பின்னர் பொதுவாக நிறைவேற்றக் கோர முடியாது.

4. கைப்பற்ற முடியாதவை

தோற்றவருக்கும் உரிமைகள் உண்டு. அவரதும் குடும்பத்தினரதும் அவசிய உடைகள், படுக்கைகள், தொழிற் கருவிகள் என்பவற்றைக் கைப்பற்ற முடியாது. விவசாயியாயின் பிழைப்புக்குத் தேவையான கால்நடையும் விதை தானியமும் பாதுகாக்கப்படும். காரணம் எளிது. உழைக்கும் கருவியைப் பறித்தால் கடனையும் அடைக்க முடியாது, குடும்பமும் பட்டினி கிடக்கும். ஒரு பொருள் தொழிற் கருவியா என்ற பிணக்கு எழுந்தால் நீதிமன்றமே தீர்மானிக்கும்.

ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை என்ற காரணத்துக்காக மாத்திரம் எவரையும் சிறையிடலாகாது எனக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1980இல் இதில் இணைந்தது.

5. பலரும் விடும் தவறு

எமது மீனவர் 30,000 ரூபாவைக் கடையிலேயே கையில் கொடுக்கின்றார். கடைக்காரர் கொப்பியில் குறித்துக்கொள்கின்றார். இருவரும் நல்லவர்களே. சில வருடங்களில் கடைக்காரர் காலமாகிவிட, கொப்பியும் தொலைந்துவிடுகின்றது. கடையைப் பொறுப்பேற்ற மகன் 80,000 ரூபாவுக்கும் எழுத்தாணை கோருகின்றார். நீதிமன்றப் பதிவில் ஒரு சதமேனும் செலுத்தப்பட்டதாக இல்லை!

தீர்ப்பாணைக்குரிய பணத்தை வெளியில் கொடுத்தால் அது நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டு உறுதிப்படுத்தப்பட வேண்டும். அவ்வாறு செய்யாத கொடுப்பனவை நீதிமன்றம் ஏற்காது. அறிவிக்க வேண்டியவர் பணம் பெற்றவர். அவர் தவறினால் கொடுத்தவரே நீதிமன்றத்தை நாடலாம். உங்கள் வீட்டில் யாராவது இவ்வாறு பணம் கொடுப்பதாயின், பற்றுச்சீட்டு வாங்கினீர்களா, நீதிமன்றத்துக்கு அறிவித்தீர்களா என்று கேளுங்கள். சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நினைவிற் கொள்க

- தீர்ப்பு உரிமையை நிலைநாட்டும், எழுத்தாணை அதனை நடைமுறைப்படுத்தும்.
- எழுத்தாணைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வென்றவர்.
- கால எல்லை 10 வருடங்கள்.
- அவசிய உடைமைகளும் தொழிற் கருவிகளும் பாதுகாக்கப்படும்.
- கையில் கொடுத்த பணம் நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும்.

மாதிரி வினா

தீர்ப்பாணையை நிறைவேற்றும்போது கடனாளியின் தொழிற் கருவிகள் பாதுகாக்கப்படுவதற்கான காரணங்கள் இரண்டு தருக.

விடை: (1) கடனாளி தொடர்ந்து உழைத்துக் கடனைச் செலுத்துவதற்கு வழி இருத்தல். (2) அவரதும் குடும்பத்தினரதும் வாழ்வாதாரம் பாதுகாக்கப்படல்.

இவ்வினாவுக்கு விடையெழுதும்போது வலையும் கயிறும் வாங்கிய அந்த மீனவரை நினைத்துக்கொள்ளுங்கள். காரணங்கள் தாமாகவே நினைவுக்கு வரும்.