ஞாயிற்றுக்கிழமை லீவு எப்படி வந்தது?

கடைச் சுவரில் தொங்கும் காலண்டர் என்ற சொல்லே வணிகர் சொல் என்பதைப் பலர் அறியார். ரோமானியர் மாதத்தின் முதல் நாளைக் 'கலெண்டே' என்றனர். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் நாள் அது. வட்டிக்கணக்கு எழுதும் ஏடு 'கலெண்டாரியம்'. நம்ம பேரேடு மாதிரிதான். அந்தப் பெயரே பிற்காலத்தில் நாட்காட்டிக்கு ஆகி வந்தது. கி.மு. 45-இல் ஜூலியஸ் சீசர் நடைமுறைப்படுத்திய சூரிய ஆண்டைத்தான், 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி செய்த திருத்தத்தோடு, இன்றும் உலகம் பின்பற்றுகிறது.

மாதக்கணக்கு ரோமானியருடையது. வாரக்கணக்கு அப்படியல்ல. அவர்களுடைய பழைய சந்தை எட்டு நாள் சுற்றில் கூடியது. ஏழாம் நாள் ஓய்வு என்பது யூதர் வழக்கம்; அவர்களுக்கு அது சனிக்கிழமை. ஆதிக் கிறிஸ்தவர்களோ இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று கூடி வழிபட்டனர். ஆனால் அன்று யாருக்கும் லீவு கிடையாது. குறிப்பிட்ட ஒரு நாளில் இவர்கள் விடியுமுன்னே கூடுகிறார்கள் என்று ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கி.பி. 112 வாக்கில் எழுதிய கடிதம் இருக்கிறது.

கி.பி. 321-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓர் ஆணை பிறப்பித்தார். நீதிபதிகளும் நகரத்தாரும் தொழிற்கூடங்களும் ஞாயிறன்று ஓய்வு கொள்ள வேண்டும் என்பது அது. அதில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. 'சூரியனின் நாள்' என்றே இருந்தது. சூரியனை வணங்கியவர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே அதை ஏற்க முடிந்தது. ஒரு விலக்கையும் கவனியுங்கள்: விதைப்புக் காலம் தவறிவிடும் என்று உழவர்களுக்கு மட்டும் ஓய்வு விதிக்கப்படவில்லை.

நம் நாட்டுக்கு இந்த லீவு ஆங்கிலேயர் அலுவலகங்கள் வழியாக வந்தது. ஆனால் தொழிலாளி வரைக்கும் தானாக வந்து சேரவில்லை. பம்பாய் மில் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1890-இல்தான் மில் முதலாளிகள் இசைந்தனர். கடைச் சிப்பந்திகளுக்கான வார விடுமுறைச் சட்டம் 1942-இல் வந்தது.

ஆக, பக்தியால் ஒரு நாள் பிறந்தது, அரசாணையால் அது ஓய்வுநாளாயிற்று, விடாமல் கேட்டவர்களால் ஏழைக்கும் கிடைத்தது. கூலிக்கு உழுகிறவருக்கு மட்டும் அன்றைய விலக்கு பெரும்பாலும் இன்றும் நீடிக்கிறது. நம் சங்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் பலர். வட்டிக்கணக்கை நாள் தவறாமல் பார்க்கிற நாம், கடைப் பையன்களுக்குரிய ஒரு நாளையும் கொடுக்க வேண்டிய பாக்கியாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.