நீண்ட ரம்பத்தின் ஆயுள்

2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. சென்னையிலும் அதை அடுத்த மாவட்டங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற தொழிற்சாலைப் பகுதியில் ஒரு முதிய புளியமரம் சாலையின் குறுக்கே விழுமானால், மோட்டார் உறுப்புகள் ஏற்றிய லாரியும், தொழிலாளர் செல்லும் பேருந்தும், நோயாளியைச் சுமந்த ஆம்புலன்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். அவ்வேளையில் மரம் அறுக்க வந்தவரின் சங்கிலி ரம்பம் பாதி அறுப்பில் பல் மழுங்கிச் சிக்கினால் என்னாகும்? ஆகவே, அதன் பட்டையையும் சங்கிலியையும் பார்த்து வாங்குவது சிறு காரியமன்று.

'பார்' என்று தொழிலாளர் அழைக்கும் எஃகுப் பட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது. அப்பள்ளத்தில் சங்கிலியின் அடிக்கண்ணிகள் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் விரைகின்றன. மேலே, வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக வெட்டுப்பற்கள். இந்த அமைப்பை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடைகளைக் கண்டு 1946 இல் வகுத்தார். புழுவிடம் பாடம் கற்ற பொறியாளர்!

நீளம் கூடினால் வலிமையும் கூடும் என்று பலர் எண்ணுகின்றனர், இது மயக்கம். பட்டை நீள நீள, ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கும் பற்கள் மிகுகின்றன, எஞ்சின் திணறுகிறது, முனைவரை எண்ணெய் சேர்வதும் அரிதாகிறது. 50 சி.சி. எஞ்சினுக்கு 18 அங்குலப் பட்டை பொருந்தும். 24 அங்குலத்திற்கு 70 சி.சி. அளவிலான எஞ்சின் வேண்டும். பழகியவர் இருபுறமிருந்தும் அறுத்தால், பட்டையின் நீளத்தைவிடப் பருத்த மரத்தையும் வீழ்த்திவிடுவார். மேலும், நீண்ட பட்டையின் முனை மரத்திற்கு அப்பால் கண்ணுக்கு மறைந்திருக்கும். அம்முனையின் மேற்பகுதி வேறொரு கிளையில் பட்டால், ரம்பம் கணப்பொழுதில் அறுப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். புயலில் சாய்ந்த மரங்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் இந்த அபாயம் மிகுதி.

வாங்கும்போது மூன்று அளவுகள் ஒத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தில் பாதி முதல் அளவு. அது பற்சக்கரத்தின் அளவோடும் பொருந்த வேண்டும். அடிக்கண்ணியின் தடிப்பு இரண்டாவது. அது பெரும்பாலும் 1.3, 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டராக இருக்கும். கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றாவது. 1.6 பள்ளத்தில் 1.3 சங்கிலியை ஓடவிட்டால், அது சாய்ந்தாடிப் பள்ளத்தின் சுவரைத் தின்னும், அறுப்பும் கோணும். விலை மலிவென்று வாங்கிய சங்கிலி, விலையுயர்ந்த பட்டையைக் கெடுக்கும் விதம் இதுவே.

கடும் உழைப்புக்கு, ஒரே எஃகுத் தகட்டில் செய்து, முனையை மட்டும் மாற்றத்தக்கதாக அமைந்த பட்டை நெடுநாள் உழைக்கும். தகடுகளை ஒட்டிச் செய்த பட்டை இலேசானது; சிறு ரம்பத்திற்குப் போதும். சாலையோர மரத்தின் பட்டையிலோ புழுதி. உள்ளேயோ யாரோ விளம்பரப் பலகைக்கு அறைந்த ஆணி! இங்கே கூர்மூலைப் பல் விரைவில் மழுங்கும். சற்றே உருண்ட மூலையுடைய பல் வேகத்தில் சிறிது பின்தங்கினாலும் கூர்மையை நெடுநேரம் காக்கும். கார்பைடு முனைப் பற்களும் உண்டு. ஆனால் அவை விலை மிக்கவை, சாதாரண அரத்திற்கு அடங்காதவை.

பட்டை ஒரே விளிம்பில் தேயாதபடி, அதை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் பூட்டுவார்கள். எண்ணெய் முனைவரை வருகிறதா என்றறிய எளிய வழி ஒன்று உண்டு. முனையை ஒரு வெளிறிய அடிமரத்தின்மேல், தொடாமல் நீட்டி, எஞ்சினை விரைவுபடுத்துங்கள். சில நொடிகளில் மரத்தின்மேல் எண்ணெய்க் கோடு ஒன்று விழ வேண்டும். விழவில்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பட்டையைக் கழற்றி, பள்ளத்தில் அடைத்த மரத்தூளைச் சுரண்டி எடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.