களத்தின் குரல் – 9: மறுபடியும் கம்பி

ஜாமர் கருவி ரேடியோ தொடர்பை அறுத்து ட்ரோனை எப்படி வீழ்த்துகிறது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் கூட்டுப் பயிற்சி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2024-இல் உக்ரைன் படைகள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தன. அவற்றின் வாகனங்களைத் தேடி வந்த சில ரஷ்ய ட்ரோன்களிடம் ஜாமர்கள் தோற்றுப்போயின. அந்த ட்ரோன்கள் ரேடியோ அலையையே நம்பியிருக்கவில்லை. அவற்றின் அடியில் ஓர் உருளை. அதில் சுற்றப்பட்ட கண்ணாடி இழை. நம் வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் அதே ஃபைபர்தான். கனத்த மேலுறை மட்டும் இல்லை. பருமன் கால் மில்லிமீட்டர். ட்ரோன் முன்னால் போகப் போக இழை பத்து, இருபது கிலோமீட்டர் வரை அவிழ்ந்துகொண்டே வரும். மோதும் நொடி வரை இயக்குபவருக்குப் படம் தெளிவாகத் தெரியும். ரேடியோ அலை இல்லை என்பதால் மறிக்கவும் வழியில்லை, மோப்பம் பிடிக்கவும் வழியில்லை. இப்போது இரு தரப்பும் இதைப் பயன்படுத்துகின்றன. மின்னணுக் கருவிகள் கைவிட்ட இடத்தில், சாலைகளுக்கு மேல் வலைப் பந்தல் கட்டி வாகனங்களைக் காக்கிறார்கள்.

கம்பி போர்க்களத்துக்குப் புதிதல்ல. 1973 அக்டோபரில் சூயஸ் கால்வாயைக் கடந்த எகிப்தியக் காலாட்படை, சோவியத் தயாரிப்பான மல்யுட்கா ஏவுகணைகளைச் சுமந்து சென்றது. மெல்லிய கம்பி வழியே திருப்பப்பட்ட அந்த ஏவுகணைகள் மூன்று கிலோமீட்டர் வரை பாய்ந்து இஸ்ரேலிய டாங்கிகளைத் தகர்த்தன.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டு விடாதது அதற்கும் முந்தைய கதை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் டெலிபோனுக்குப் பல இடங்களில் ஒற்றைக் கம்பிதான்; மின்னோட்டம் திரும்பிவர மண்ணே பாதை. மண்ணில் பேச்சும் கசிந்தது. ஜெர்மானியர்கள் தரையில் உலோக முனைகளைப் புதைத்து, கசிந்த மின்னோட்டத்தைப் பெருக்கிக் கேட்டார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர் மோரிட்ஸ். 1916 ஜூலை 1 அதிகாலை, சோம் தாக்குதலுக்குச் சில மணி நேரம் முன்பு, பிரான்சின் லா புவாசெல் கிராமத்தில் இருந்த மோரிட்ஸ் நிலையம் ஒரு பிரிட்டிஷ் செய்தியைக் கேட்டது. தாக்கப் போகும் வீரர்களுக்கு மேலிருந்து வந்த வாழ்த்து அது. எதிரிக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே முன்னேறிய பிரிட்டிஷ் 34-வது டிவிஷனில் அன்று ஒரே நாளில் மாண்டவர்களும் காயமுற்றவர்களுமாக 6,000 பேருக்கு மேல். பிரிட்டிஷ் குண்டுமழைக்குத் தப்பிய ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளே அவர்களைச் சாய்த்தன. ஆனாலும் வாழ்த்துச் சொன்ன வாயே எதிரியை எழுப்பிவிட்டது என்பதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

இந்தக் கசிவுக்கு மாற்றாக பிரிட்டிஷ் ராணுவத்தின் கேப்டன் ஃபுல்லர் 1915-இல் உருவாக்கிய ஃபுல்லர்ஃபோன், ஒட்டுக்கேட்க முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தில் தந்தி அனுப்பியது. இன்றைய கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. மண்ணில் கசிய மின்னோட்டமே இல்லை. கருவி திருந்திவிட்டது. எதை, எப்போது, யார் காதுபடப் பேசுவது என்ற ஒழுக்கத்தைக் கருவி தராது, பயிற்சிதான் தரும்.

அந்தப் பயிற்சியே பிசகினால்? 1944 ஏப்ரல் 28 அன்று, நார்மண்டி படையெடுப்புக்கு ஒத்திகை பார்க்க இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் சென்ற அமெரிக்கக் கப்பல்களிடம் தவறான ரேடியோ அலைவரிசை இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. ஜெர்மன் டார்பிடோ படகுகளின் தாக்குதலில் 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். டைகர் எனப்பட்ட அந்த ஒத்திகையின் முழுக் கதை அடுத்த வாரம்.