மழையில் அமிலமா, மண்ணில் உப்பா?

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பரிசீலிக்க நாம் சென்றிருந்தோம். பேரேடுகளைப் பார்த்து முடித்த வேளையில் தீர்மானம் ஒன்றின் நகல் நம் கையில் தரப்பட்டது. அமில மழையால் வலைக்கிடங்கின் தகரக் கூரை அரித்துவிட்டது. வலைகள் இற்றுப் போகின்றன. ஏரிக்கு மேற்கேயுள்ள அங்கத்தினர்களின் வயல்களில் நெற்பயிர் கருகுகிறது. ஆகவே வயல்களுக்குச் சுண்ணாம்பும், கிடங்குக்குப் புதுத் தகரமும், புது வலைகளும் வாங்கச் சேம நிதியிலிருந்து பணம் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

"ஐயா, தெற்கே எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் எழுந்த பிறகுதான் எங்களுக்கு இந்தத் துன்பம்" என்றார் தொழிலில் முதிர்ந்த மீனவர் ஒருவர்.

"பெரியவரே, தாங்கள் கூறுவதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சேம நிதியைத் தொடுமுன் நோய் இன்னதென்று அறிந்து கொள்வோம்" என்றோம்.

அமில மழை என்பது யாது? நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிப்படுகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி மழையுடன் இறங்குகின்றன. அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. மாசற்ற மழையும் கரியமில வாயுவைக் கரைத்துக் கொள்வதால் ஏறத்தாழ 5.6 என்ற அளவில்தான் இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் அமில மழை என்பர். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மழையை ஆராய்ந்து இதனை 1852-ல் எடுத்துரைத்தவர் இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர்.

இதன் தீமை சிறிதன்று. இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் கெடுகிறது. மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்தோடுகின்றன. மண்ணின் பி.எச். 5.5-க்குக் கீழே சென்றால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்குகிறது. சுண்ணாம்புக் காரையும் சலவைக் கல்லும் கந்தக அமிலம் பட்டால் ஜிப்சமாக மாறி உதிர்கின்றன. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள ஆலைகள் நிலக்கரி எரிப்பதை உச்சநீதிமன்றம் 1996-ல் தடுத்தது இத்தகைய கேட்டினின்று அதனைக் காப்பதற்கே. நெசவாளர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. பருத்தி நூலில் அமிலம் தங்கிக் காய்ந்தால் இழை வலுவிழக்கும். பழவேற்காட்டின் பெயரையே தாங்கிக் கடல் கடந்த கட்டம் போட்ட கைக்குட்டைகளும் கைலிகளும் பருத்தியால் ஆனவையன்றோ?

இவ்வளவும் உண்மையே. ஆனால் இச்சங்கத்தின் இழப்புக்கு அமிலந்தான் காரணமா? அங்கத்தினர்களையும் அழைத்துக்கொண்டு பார்வையிடப் புறப்பட்டோம்.

முதலில் கூரை. ஏணி வைத்து ஏறிப் பார்த்ததில், மழை நேரே விழுந்து கழுவும் மேற்புறம் ஓரளவு நன்றாயிருந்தது. மழையே படாத இறவாரத்தின் அடிப்புறமோ செதில் செதிலாக உதிர்ந்தது. மழை அரித்ததாயின் இது தலைகீழாக அன்றோ இருக்க வேண்டும்? கடற்காற்று கொண்டுவரும் உப்பு அடிப்புறத்தில் படிகிறது. அதைக் கழுவ மழை எட்டுவதில்லை. கரையோர ஊர்களில் தகரத்திற்கு முதற்பகை இதுவே.

அடுத்து வலைகள். ஒரே வேளையில் வாங்கியவற்றுள் மணலில் விரித்தே கிடந்தவை கையால் இழுத்தாலே அறுந்தன. நனைந்து வந்தபின் நிழலில் உலர்த்திக் கிடங்கில் வைத்தவை உறுதியாக இருந்தன. நைலான் இழையைக் கடும் அமிலம் கெடுக்கும் என்பது மெய்யே. ஆயினும் நாள்தோறும் கெடுப்பது வெயில்.

மூன்றாவது வயல். கந்தக டை ஆக்சைடு தாக்கிய இலையில் நரம்புகளுக்கு இடையே வெளிறிய திட்டுகள் தோன்றும். உப்புத் தாக்கினாலோ நுனியிலும் விளிம்பிலும் கருகல் தொடங்கும். நாம் கண்ட தாள்கள் நுனியில் கருகியிருந்தன. மண்ணை எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பினோம். அமிலம் இல்லை, காரமும் உப்புமே மிகுதி என்று விடை வந்தது.

இங்கேதான் பணத்தின் கதை இருக்கிறது. சுண்ணாம்பு அமில நிலத்திற்கு மருந்து. உவர் நிலத்திற்கு நன்னீர் தேக்கி உப்பைக் கரைத்து வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். களர் நிலமாயின் ஜிப்சம் இட்டு, அதன்பின் நீர் தேக்கி வடிக்க வேண்டும். முன்னரே கார மிகுந்த மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டியிருந்தால், சேம நிதியும் கரைந்திருக்கும், நிலமும் திருந்தியிராது. தீர்மானம் மாற்றப்பட்டது. சுண்ணாம்புக்கென்று கேட்ட தொகையில் ஒரு பகுதி வடிகால் வெட்டவும், தகரத்தின் அடிப்புறத்திற்கு வண்ணம் பூசவும், வலை உலர்த்த நிழற்பந்தல் போடவும் ஒதுக்கப்பட்டது.

ஏரியைப் பற்றிய அச்சமும் பலருக்கு இருந்தது. நார்வே, சுவீடன் நாடுகளில் அமில மழையால் ஏரிகள் மீனற்றுப் போனது மெய். அவை கருங்கற் பாறைமேல் அமைந்த நன்னீர் ஏரிகள். அமிலத்தை முறிக்கும் பொருள் அவற்றில் குறைவு. பழவேற்காடோ கடல் நீர் புகும் உவர்நீர் ஏரி. அந்நீரின் கார இயல்பும், அடியிலுள்ள கிளிஞ்சல் படிவும் அமிலத்தை எளிதில் முறித்துவிடும்.

அப்படியானால் புகைபோக்கிகள் குற்றமற்றவையா? அவ்வாறு நாம் கூறவில்லை. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆயினும் வடசென்னை நிலையம் 1994 முதலும், வல்லூர் நிலையம் 2012 முதலும் நிலக்கரி எரித்து வருகின்றன. நம் நாட்டு மண்ணின் சுண்ணாம்புத் தூசி மழையின் அமிலத்தைப் பெருமளவு முறிக்கிறது. மேலும் இவ்வூர்ப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கே கடலிலிருந்து வருவது; புகைபோக்கிகள் இருப்பதோ தெற்கே. ஆனால் தென்காற்று வீசும் கோடையில் நிலைமை வேறாகலாம். மழையாக மாறாமலே கந்தக வாயு மக்களின் மூச்சுக்குத் தீங்கு செய்யும் என்பதையும் மறத்தலாகாது. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் முதன்முறையாக வரம்பு விதித்தது. கெடு பலமுறை நீட்டப்பட்டது. 2025 ஜூலை அறிவிப்போ, புகைபோக்கி உயரம் பற்றிய நிபந்தனையுடன், பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டது.

ஆகவே கரையோரச் சங்கங்கள் ஒரு பதிவேடு தொடங்குதல் நன்று. கூரையும் மரமும் இல்லாத வெளியில் தூய பிளாஸ்டிக் பாத்திரம் வைத்து, முதல் மழையைத் தனியாகவும் பின்வரும் மழையைத் தனியாகவும் பிடித்து, அன்றே பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். நாள், காற்றின் திசை, பயிரின் நிலை ஆகியவற்றையும் குறித்து வரவேண்டும். சோதனைத் தாளை நம்புதல் வேண்டா; மழைநீரில் அது சரியாகக் காட்டாது. நாளை ஓர் அதிகாரி முன் முறையிட நேர்ந்தால், "எல்லாம் அமில மழை" என்ற சொல்லைவிட இரண்டாண்டுப் பதிவேடு உரக்கப் பேசும்.

இவ்வேரியில் இன்னார் இந்நாளில் இவ்விடத்தில் வலையிட வேண்டும் என்று சீட்டுப் போட்டுப் பகிர்ந்து கொள்ளும் பாடு முறை நெடுங்காலமாக உண்டு. நீரைப் பொதுவென்று கொண்டு கணக்கு வைக்கத் தெரிந்த மக்களுக்கு, காற்றையும் மழையையும் கணக்கில் கொணர்வது அரிதன்று. கணக்கைத் தொடங்குவீர்களாக, அடுத்த பரிசீலனையின்போது பேரேடுகளுடன் அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்போம்.